சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா?

'காப்ளர்'னு பேரைக் கேட்டதும் ஓவன், ப்ளூபெர்ரி, அரைக்கிலோ வெண்ணெய்னு பயந்துடாதீங்க மக்களே. அமெரிக்காவுல குடியேறின ஆளுங்க, ஒழுங்கான அடுப்பு இல்லாம, கனமான இரும்புச் சட்டியில பழத்தைப் போட்டு, மேல மாவைக் கிள்ளி வச்சு, சட்டிக்குக் கீழயும் மூடிக்கு மேலயும் தணல் போட்டு வேகவச்ச பண்டம் அது. ஓவன் இல்லாதவங்க பலகாரம். அப்புறம் சூலக்கரையில செய்ய நமக்கென்ன தடை?

டெக்சாஸ்ல இருந்து அண்ணன் மக லீவுக்கு வந்திருந்தா. பத்து வயசு. தமிழ் புரியும், பேச வராது. அம்மாவுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. ஒரு வாரமா ரெண்டு பேருக்கும் நடுவுல "சாப்ட்டியாம்மா?", "எஸ்" இதைத் தாண்டிப் பேச்சே இல்ல. எனக்குத்தான் மனசு கேக்கல. அவதான் ஒரு நாள் காப்ளர் கேட்டா, ப்ளாக்பெர்ரி போட்டு.

ப்ளாக்பெர்ரிக்கு நான் எங்க போக? ஆடி மாசம், தள்ளுவண்டியில நாவப்பழம் மலையா குவிஞ்சு கிடக்கு. அதுவும் பெர்ரி ஜாதிதான். (ஸ்ட்ராபெர்ரி பேர்ல மட்டும்தான் பெர்ரி, தாவரவியல்ல இல்ல. ஹி ஹி.)

அரைக்கிலோ பழத்தை அம்மாவும் அவளும் கொட்டை எடுக்க உக்காந்தாங்க. எடுத்ததுல பாதி வாய்க்குள்ள. அம்மா அவ்வையார் கதைய எடுத்து விட்டாங்க. மரத்து மேல முருகன், "சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா?", மண்ணுல விழுந்த பழத்தை ஊதினது எல்லாம். இவ ஊதா நாக்கோட 'ஙே'ன்னு முழிச்சா.

சதைப்பத்தோட கால் கப் சர்க்கரை, ஒரு ஸ்பூன் சோளமாவு, கொஞ்சம் எலுமிச்சை சாறு, துவர்ப்பு அடங்க ஒரு சிட்டிகை உப்பு, ஒரே ஒரு கிராம்பைப் பொடிச்சது. நாவலும் கிராம்பும் ஒரே குடும்பம், அதனால நல்லாவே ஒட்டிக்கும். மேல் மாவுக்கு மைதா ஒரு கப், சர்க்கரை ரெண்டு ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், கொஞ்சம் உப்பு. ஜில்லுனு இருக்கிற 50 கிராம் வெண்ணெயை அதுல உதிர்த்து, கால் கப் பாலை ஊத்தி, பிசையாம சும்மா சேர்த்து, பழத்து மேல அங்கங்க கிள்ளி வைக்கணும்.

பழைய குக்கர்ல ரெண்டு கப் உப்பைப் பரப்பி, தண்ணியே இல்லாம அடுப்புல வச்சேன். அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க. "வெறும் குக்கரயா வைக்கிற? வெடிச்சிரும்டி!" சிரிக்க முடியல. எங்க பக்கம் எங்கயாவது 'டமார்'னு கேட்டா, எந்த ஆலையோன்னு தெருவே வாசலுக்கு ஓடி வந்து நிக்கும். கேஸ்கட், வெயிட் ரெண்டையும் கழட்டி அவங்க கையில குடுத்தேன். "ஆவி அடைபட்டாத்தானம்மா வெடிக்கும்? இது வெறும் மூடி போட்ட சட்டி." அவங்க அதைக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னாங்க.

பத்து நிமிஷம் காய்ஞ்சதும் ஸ்டாண்டு போட்டு, தட்டை உள்ள இறக்கி, சின்னத் தீயில முக்கால் மணி நேரம். ஓரத்துல ஊதாச் சாறு கொப்புளிச்சு, குச்சி குத்தினா மாவு ஒட்டாம வரணும். மேல் பக்கம் ஓவன்ல மாதிரி செவக்காது, ருசிக்குக் குறையில்ல.

ஐஸ்கிரீமுக்குப் பதிலா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கரண்டி மேல. பொறுக்க முடியாம அள்ளின சின்னது, வாய்கிட்ட கொண்டுபோய் ஃபூ ஃபூன்னு ஊத ஆரம்பிச்சா. அம்மா மெதுவா கேட்டாங்க:

"என்ன தாயி, பழம் சுடுதா?"

ஒரு நிமிஷம் முழிச்சா. அப்புறம் வீடே அதிர ஒரு சிரிப்பு. "அப்பத்தா! சுட்ட பழம்!"

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. எந்த மொழின்னு நான் போய்ப் பாக்கல.