இழுத்து நட

பொன்னேரியில் பழவேற்காடு பஸ் ஏறி, திருப்பாலைவனம் தாண்டினால் காற்று மாறிவிடும். அதுவரை கூட வந்த ஈர வயல் வாசனை விலகி, உப்பும் கருவாடும் கலந்த காற்று முகத்தில் அடிக்கும். எண்பதுகளில் என் பொங்கல் விடுமுறைகள் அந்தக் காற்றில்தான் தொடங்கின. ஏரிக்கரைக் குப்பத்தில் ஆயா வீடு. பையை வைத்த கையோடு பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடுவோம். பின்னாலேயே ஆயாவின் குரல் வரும்: "டேய், எட்டி வைக்காத. காலை இழுத்து இழுத்து நட. திருக்கை படுத்திருக்கும்."

சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வால் முள்ளால் அடித்துவிடும். காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனால், கலக்கம் தெரிந்து அது முன்பே விலகிவிடும். அந்தக் கரைப் பிள்ளைகள் இரண்டு தடவை நடை பழகுவார்கள். முற்றத்தில் ஒரு தடவை, ஏரியில் ஒரு தடவை.

அந்தச் சேற்றின் மென்மை இன்றும் என் உள்ளங்காலில் இருக்கிறது. விரலிடுக்கில் வழுக்கி ஏறும். ஓரடி வைத்தால் மட்டி தட்டும், அடுத்த அடியில் இறால் துள்ளும். இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீர் கழுத்தைத் தொடும்படி குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. எது இறால், எது கெளுத்தி முள் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும்.

உவர்நீர் ஏரிகளில் இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. ஆழம் மட்டும் சராசரியாக ஒரு மீட்டர்தான். ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரோடு, முகத்துவாரம் வழியாக ஏறிவரும் கடல்நீர் இங்கே கலக்கிறது. பொங்கல் சமயத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அலசி, பாசியையும் சிற்றுயிர்களையும் சலித்துத் தின்னும். அந்த உணவில் உள்ள நிறமிதான் இறகில் சிவப்பாக ஏறுகிறது. 1980இல் தமிழ்நாட்டுப் பக்கத்து ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நாங்கள் அண்ணாந்து பார்த்து வியந்த அந்தச் சிவப்பும் காலடிச் சேறு கொடுத்ததுதான் என்று வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது.

சரணாலயம் என்ற சொல் வருவதற்கு முன்பே ஏரிக்குக் காவல் இருந்தது. அதற்குப் 'பாடு' என்று பேர். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று, தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு முறை வைத்திருந்தார்கள். மாமா கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பார். எதிரே மீன் துள்ளும். "இன்னைக்கு நம்ம பாடு இல்லடா" என்பார். அவ்வளவுதான், கை நீளாது. அந்த முறையில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை, அது குறைதான். ஆனாலும், கண்ணெதிரே துள்ளும் மீனை விட்டுவைக்கும் பழக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. கோடையில் மணல் ஏறி முகத்துவாரம் அடைபடுவதும், ஊரார் மண்வெட்டியோடு போய்த் திறப்பதும் அடிக்கடி நடந்தன. தெற்கே எண்ணூரில் மேலும் அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் வந்தன. கடைசியாக, யாரும் எதிர்பாராத ஒன்று வந்தது. கருத்த சிறு ஓட்டு உயிர். மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பேர் வைத்தார்கள்.

அதன் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். சரக்கில்லாத கப்பல் ஆடாமல் நிற்க அடியில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வந்து, வேறொரு துறைமுகத்தில் கொட்டிவிடும். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாக இது ஊர் கடந்திருக்கும் என்கிறார்கள். சிங்கப்பூரில் 2016இல் கண்டார்கள். சில ஆண்டுகளில் கேரளக் காயல்களிலும் கண்டார்கள். எண்ணூர்க் கழிமுகத்தை மூடிய அது பழவேற்காட்டையும் எட்டிவிட்டது. நூல் போன்ற இழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படர்கிறது. அதன் கீழே இறால் புதைய முடியாது, மட்டி மூச்சுவிட முடியாது. தடவிப் பிடிக்கும் கைக்கு அங்கே வேலையில்லை.

கப்பல் நீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் உருவாகி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. எண்ணூர் மீனவர்களின் முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. காக்கா ஆழியை அகற்றியாக வேண்டும், இனி வராமல் தடுத்தாக வேண்டும். ஆனால் பெரிய இயந்திரங்களால் சேற்றையே வாரிக் கொட்டினால், மிஞ்சியிருக்கும் மட்டியும் இறாலும் சேர்ந்தே போய்விடும். எங்கே வாரலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல, சேற்றைத் தடவியே பிழைத்தவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

போன மார்கழியில் மாமா மகனோடு ஏரியில் இறங்கினேன். ஆயா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கால் மட்டும் பழக்கத்தை மறக்கவில்லை. இழுத்து நடந்தேன். நாலாவது அடியில் சுரீரென்றது. உள்ளங்காலை ஓடு கீறி, தண்ணீரில் ரத்தம் கலங்கியது.

"மச்சான், இழுக்காத. தூக்கித் தூக்கி வை" என்றான்.

ஆயா சொன்னதற்கு நேர் எதிரான சொல். காயத்தைவிட அதுதான் வலித்தது. அவன் குனிந்து ஒரு பிடி காக்கா ஆழியைப் பிய்த்துக் கூடையில் போட்டான். நானும் குனிந்தேன். கூடை நிறைந்தபோது, கால் வைக்குமளவு சேறு வெளியே தெரிந்தது. வைத்துப் பார்த்தேன். பழைய மென்மை அப்படியே இருந்தது.

அவன் பேத்திக்கு இப்போது நாலு வயது. "இழுத்து நட" என்று அவளுக்கு அவன் சொல்லும் நாளுக்காக, அந்த ஒரு காலடி இடம் ஏரி முழுவதும் விரிய வேண்டும்.