வானத்துக் கங்காணி

திரிங்காப்பில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் சினிமாக் காட்டுவது எளிதான காரியமன்று. தோட்டத்து லயத்திற்கு முன்னால் இரண்டு கழிகளை நட்டு வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். இயந்திரத்தின் ஒளி பனியிலேயே பாதி தங்கிவிடும். துணியில் விழுவது மீதிதான். நாம் சிறுவராயிருந்தபோது அவ்வண்ணம் கண்ட படங்களுள் ஒன்று ‘கலை அரசி’.

ஏ. காசிலிங்கம் இயக்கி 1963ஆம் ஆண்டில் வெளிவந்தது அது. பூமிக்கு அப்பால் ஓர் உலகம். அங்கே விஞ்ஞானம் உண்டு, சங்கீதம் இல்லை. ஆகவே அவ்வுலகத்தான் ஒருவன் பறக்கும் கலத்தில் வந்து, பாடத் தெரிந்த பானுமதியைக் கவர்ந்து செல்கிறான். எம்.ஜி.ஆர். தேடிப்போய் மீட்கிறார். ககாரின் பூமியைச் சுற்றிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். எனினும் நம் கண்ணுக்கு அந்த வான உலகம் ராஜா ராணி நாடகத்து அரண்மனையாகவே பட்டது.

மெக்ஸிகோ தேசத்தாரும் இத்தகைய படங்களைச் சொற்பப் பணத்தில் எடுத்துத் தள்ளினார்கள். 1960இல் வந்த ‘அரக்கர்களின் கப்பல்’ என்பதில், ஆண்கள் அற்றுப்போன வெள்ளிக் கிரகத்திற்கு ஆண்பிள்ளை தேடி இரு பெண்கள் வருகின்றனர். அகப்படுபவனோ பாட்டும் பொய்யுமாய்த் திரியும் நாட்டுப்புறக் குதிரைக்காரன்! அரக்கர்களுள் பலர் வேஷ உடைக்குள் புகுந்த மனிதரே. அங்கும் சங்கதி ஒன்றுதான்: தம்மிடம் இல்லாத ஒன்றுக்காக வேற்று ஊரில் வந்து ஆளைப் பிடிக்கிறார்கள்.

படித்தோர் இவற்றைக் கண்டு நகைப்பர். அன்றிரவு நாமும் நகைத்தோம். நம் ஆயா நகைக்கவில்லை. கம்பளியைப் போர்த்தியபடி, “நம்மளைக் கொழுந்துக்குப் புடிச்சான், அவளைப் பாட்டுக்குப் புடிக்கிறான்” என்றாள்.

மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்துமுன், கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறியவள் அவள். அவனும் நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் ஊருக்குள் வந்தானாம். போகுமிடத்தில் குறையொன்றுமில்லை என்றுதான் சொன்னானாம். லயத்துப் பெண்கள் இருட்டில் பேய்க்கு அஞ்சிய காலத்தில், ஆயா அஞ்சியதெல்லாம் பெயர் எழுதிக்கொள்ள வரும் மனிதனுக்கே.

குளிர் பொறுக்காமல் அவள் பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டாள். விடியற்காலை, பிரட்டுக்குப் போகக் கூடையை எடுக்கும்போது கேட்டாள்:

“அந்தப் புள்ளையத் திரும்பக் கொண்டாந்து வுட்டானுங்களா?”

“வந்துட்டா ஆயா.”

“ஊருக்கேவா?”

“ஊருக்கேதான்.”

அவள் சிறிது நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு மேட்டில் ஏறினாள்.