புனித நீரும் பொன்னும் நஞ்சும்

வெந்நீர் ஊற்று என்றதும் மக்கள் நினைவில் எழுவது நோய் தீர்க்கும் நீராடலே. மண்ணின் மடியிலிருந்து ஆவி பறக்க எழும் நீரில் தூய்மையன்றி வேறென்ன இருக்கப்போகிறது என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை எத்துணை உண்மையானது? நியூசிலாந்து நாட்டின் ஓர் ஊற்று இதற்கு விடை கூறும்.

அந்நாட்டின் வட தீவில், ரோட்டோருவா நகருக்குத் தெற்கே, வையோதாப்பு என்னும் இடம் உள்ளது. மாவோரி மொழியில் 'புனித நீர்' என்பது அதன் பொருள். அங்குள்ள ஒரு குளத்தின் நீர் ஏறத்தாழ 75 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. கரியமில வாயுக் குமிழிகள் ஓயாது எழுவதால் அது ஷாம்பேன் குளம் எனப் பெயர் பெற்றது. பசுமை படர்ந்த அந்நீரின் விளிம்பெங்கும் செம்மஞ்சள் நிறப் படிவு ஒளிர்கிறது.

அந்நிறம் எங்கிருந்து வந்தது? மழைநீர் நிலத்தின் ஆழத்தில் இறங்கிச் சூடேறுகிறது. அங்கே அழுத்தம் மிகுதியாதலால் 200 பாகையைக் கடந்தும் அது நீராகவே இருந்து, பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துச் சுமக்கிறது. மேலே வந்து குளிர்ந்ததும் அச்சுமையை இறக்குகிறது. ஆர்செனிக்கும் ஆண்டிமனியும் கந்தகத்தோடு கூடிச் செம்மஞ்சளாகப் படிகின்றன. அப்படிவில் டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 80 கிராம் தங்கம் இருந்ததை அறிவியலார் அளந்துள்ளனர். டன்னுக்குச் சில கிராம் தங்கம் கிடைத்தாலே மனிதர் சுரங்கம் தோண்டுவர். ஆயினும், அதே படிவில் நூற்றுக்கு இரண்டு பங்களவு ஆர்செனிக்கும், அதனோடு பாதரசமும் கலந்துள்ளன. பொன்னைச் சுமந்த நீரே நஞ்சையும் சுமந்து வந்தது.

படிந்தது போக எஞ்சியது நீரோடு செல்கிறது. அவ்வட்டாரத்து வெந்நீர் வைக்காட்டோ ஆற்றில் கலக்கிறது. 1958ஆம் ஆண்டில் வைராக்கேய் நிலவெப்ப மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின், அதன் கழிவுநீராலும் ஆற்றில் ஆர்செனிக் கூடியது. குடிநீர் ஒரு லிட்டரில் ஆர்செனிக் 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு கிராமில் இலட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கும் நாவுக்கும் எட்டாத அளவு. ஆற்றுநீரோ பல இடங்களில் அவ்வரம்பை மிஞ்சுகிறது. ஆற்றை நம்பி வாழும் ஹேமில்டன் நகரம், ஆர்செனிக்கைத் திரளச்செய்து வடிகட்டிய பின்னரே நீரைப் பருகுகிறது. நகரத்துக்கு ஆலை உண்டு. கரையோரம் கீரை பறிப்பவருக்கு அது இல்லை. மாவோரியர் விரும்பி உண்ணும் வாட்டர்கிரெஸ் கீரை, இத்தகைய நீரில் வளரும்போது ஆர்செனிக்கைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது.

இயற்கை தருவதெல்லாம் நன்மையே என்று எண்ணுவோர் மாவோரியரின் 'தாப்பு' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கலாம். புனிதம், விலக்கு ஆகிய இரு பொருளும் அதில் அடங்கும். போற்றத்தக்க நீரே அஞ்சத்தக்கதாகவும் இருக்கக்கூடும் என்பதை அவ்வொரு சொல் உணர்த்துகிறது. நீரை வணங்குவதில் தவறில்லை. வணங்கியபின் அதை அளந்தறிவதே அறிவுடைமை.