நடக்கிற பிள்ளைகள்

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலை முழுக்கக் காவி வேட்டியும் காவிச் சேலையுமாகத்தான் தெரியும். வேளாங்கண்ணியில் 29-ஆம் தேதி கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். எங்கள் பங்கு இளைஞர்கள் தள்ளுவண்டியில் மாதா சுரூபத்தை வைத்து, சீரியல் பல்பு கட்டி, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு கிளம்புவோம். வெயில் ஏறினால் ஏதாவது பள்ளிக்கூடத் திண்ணையில் படுக்கை, பொழுது சாய்ந்தால் மறுபடி நடை. ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர்கள் வாசலில் நின்று நீர்மோர் ஊற்றிக் கொடுப்பார்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி எல்லோர் காலிலும் கொப்புளம் வந்துவிடும். கூட நடந்து வந்த சிஸ்டர் ஒருவர் மெழுகுவர்த்தியில் ஊசியைக் காட்டி, நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் குத்தி மறு ஓரத்தில் இழுப்பார். நூலை உள்ளேயே விட்டுவிடுவார். நீர் அதன் வழியாகக் கசிந்து, விடிவதற்குள் தோல் அமுங்கியிருக்கும். அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்த பெண், மறுவருடம் பிளஸ் டூ முடித்ததும் மடத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். "அந்த சிஸ்டர்தான் பிள்ளை மனசைக் கலைச்சுட்டாங்க" என்று அவள் அம்மா அழுதது தெருவுக்கே கேட்டது. சிஸ்டர் மடத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுக்குக் கால்களை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்ததை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

அம்மா அழுவது புதிதல்ல. லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, இளவரசருக்குத் தோழனாக அரண்மனையில் வளர்ந்தவர். பதினைந்து வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறார் என்றதும், மகனை நிறுத்தச் சொல்லி அவருடைய தாய் திருத்தந்தையின் தூதர் வரை போய்ப் பார்த்தார். நிற்கவில்லை. மறவர் நாட்டில் காவி கட்டிய பண்டாரசாமியாக நடந்து, அருளானந்தர் ஆகி, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஓரியூரின் சிவந்த மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். அந்த மணலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் ஞாபகம்தான் வரும்.

ஓரியூர் போய்வந்த வருடத்தில்தான் என் சிநேகிதன் குருமடம் போனான். பாஸ்கா காலத்து நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. இறையழைத்தலுக்காக மன்றாட அந்த நாளை 1964-ல் ஆறாம் பவுல் ஏற்படுத்தினார். அன்றைய பிரசங்கத்தில் பங்குச்சாமி, "யாராவது உண்டா?" என்று கேட்டார். எழுந்து நின்றவன் அவன் ஒருவன்தான். தத்துவம், இறையியல், நடுவே களப்பணி என்று பட்டம் பெறப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும் படிப்பு. பாதியில், இது தனக்கான வழியில்லை என்று அவனே தெளிந்து வெளியே வந்தான். ஊருக்குப் பகல் பஸ் இருந்தும், இருட்டிய பிறகு வருகிற பஸ்ஸில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். வழியனுப்பத் தேரடி வரை வந்த ஊர், திரும்பி வந்தவனைக் கண்டால் குசுகுசுவென்று பேசியது. கல்யாணப் பேச்சு எடுத்த இடங்களில்கூட, "மடத்திலிருந்து வந்த பையனா?" என்று இழுத்தார்கள்.

ஊர் அவனை நடத்திய விதத்தில் எனக்குக் கோபம். காற்றாடிமலைக்குப் போனால் அது திரும்ப வரும். 1752-ல் அங்கே சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் குருவுமில்லை, துறவியுமில்லை. திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர், மனைவியோடு வாழ்ந்தவர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 2022 மே 15-ஆம் தேதி ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. குடும்பஸ்தருக்கும் அழைப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இளைஞர்கள் திருப்பயணம் போவதைச் சிலர் உல்லாசப் பயணமாக நினைக்கிறார்கள். வேளாங்கண்ணியில் மாதா குளம் போகிற மணல் பாதையில் முழங்காலிட்டு நகரும் இருபது வயதுப் பையனின் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அவன் ஏதோ கேட்கிறான், ஏதோ அவனுக்குக் கேட்கிறது. அதற்குப் பதில் குருமடமாக இருக்கலாம், நல்ல கல்யாணமாக இருக்கலாம், மருத்துவமனை வார்டில் ஒரு வேலையாகவும் இருக்கலாம்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளைகளை நடக்க விடுங்கள். மடத்துக்குப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அழுங்கள், ஆனால் கதவை அடைக்காதீர்கள். போன பிள்ளை திரும்பி வந்தால், பகல் பஸ்ஸிலேயே வரச் சொல்லி, நீங்களே பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள்.