தகப்பன் கையெழுத்து

சென்னைக்குப் போக எங்கள் பேத்திக்குக் கடவுச்சீட்டு எடுத்தபோது ஆளுக்கொரு வேலையாய் ஓடினோம். பிறப்புச் சான்றிதழ் எடுத்தோம், குடிவரவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் படமும் பிடித்தோம். 16 வயதுக்குக் கீழே கைரேகை வேண்டாம் என்பதால் அந்தப் பாடு இல்லை. தங்கி நின்றது தகப்பன் கையெழுத்துத்தான். மருமகன் கத்தாரில். அவர் தோஹாவிலுள்ள நம் இலங்கைத் தூதரகத்துக்கு லீவு போட்டுப் போய், சம்மதக் கடிதத்தை உறுதிப்படுத்தி அனுப்பிய பிறகே விண்ணப்பம் பூரணமானது.

மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும் இந்தக் கதை உண்டு. கிழக்கே எழுவான்கரையில் தகப்பன் வளைகுடாவில் என்றால், மேற்கே படுவான்கரையில் தாய் குவைத்தில் வீட்டு வேலையில். எங்கள் பகுதியில் பிள்ளை தாயின் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தை, சேரும். கோயில் உரிமை அந்த வழியில் வரும், வீடும் சீதனமாய்ப் பெண்பிள்ளைக்கே போகும். ஆனால் பிள்ளை கடல் கடக்க இருவர் சம்மதமும் வேண்டும். அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பிள்ளையைக் கொண்டுபோவதைத் தடுக்க 1980இல் ஹேக் உடன்படிக்கை வந்தது. 2001இல் இலங்கையும் அதில் சேர்ந்தது.

இருக்கும் தகப்பனிடம் கையெழுத்து வாங்கலாம். இறந்திருந்தால் மரணச் சான்றிதழ். எங்கே என்றே தெரியாத தகப்பன்?

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய் இருந்தவர்களில் 158 பேரைக் கூட்டிப்போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. அதன் பிறகும் வருஷக்கணக்காய் ஆட்கள் காணாமற்போனார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் புருஷன் 2007இல் அப்படிப் போனவர். 2015இல் அவளுடைய தம்பிக்குச் சென்னையில் கலியாணம். மகளைக் கூட்டிப்போக விண்ணப்பம் நிரப்பப் போனாள். எழுதிக்கொடுக்கிறவர் மரணச் சான்றிதழ் எடுத்து வரச் சொன்னாராம். காணாமற்போனவரை இறந்தவராய்ப் பதிய 2010இலேயே சட்டம் இருந்தது, அந்தச் சான்றிதழை எடுப்பதும் பெரிய கஷ்டமில்லை.

"அவர் செத்திட்டார் எண்டு நான் எப்படிகா கையெழுத்து வைக்கிற, டீச்சர்?" என்று கேட்டாள்.

வைக்கவில்லை. கலியாணத்துக்கும் போகவில்லை. ஒரு சான்றிதழ்தானே, எடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று சொந்தக்காரரே பேசினார்கள். எனக்கு அவள் செய்தது நியாயமாகவே பட்டது. அந்தக் கடதாசியை எடுத்திருந்தால், புருஷனைத் தேடும் வேலையைத் தானே முடித்துவைத்தவளாய் ஆகியிருப்பாள்.

அடுத்த வருஷம், 2016இல், அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழும் வழங்கலாம் என்றானது. இப்படி ஒன்று இருப்பது படுவான்கரையில் இன்னும் பல பெண்களுக்குத் தெரியாது. கிராம உத்தியோகத்தர்மார் வீடு வீடாய்ப் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி இது. மரணச் சான்றிதழ்தான் ஒரே வழி என்று எந்த மேசையிலும் இனி யாரும் சொல்லக்கூடாது.

அவளும் அந்தப் புதிய சான்றிதழுக்குப் பதிந்தாள். கடிதம், விசாரணை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி என்று இழுபட்டது. அதற்குள் மகள் வளர்ந்துவிட்டாள். 16 முடிந்ததும் தன் கைரேகையை வைத்துத் தானே விண்ணப்பித்தாள். பெயரைக் கேட்ட இடத்தில் தகப்பனின் பெயரையும் முழுமையாய் எழுதினாள்.