கட்டத்தில் இல்லாத சாவு

போன மாசம் ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். எங்க தெருத் தம்பி ஒருத்தன் சென்னையில் ஆக்சுவரி படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான். யாருக்கு எந்த வயசில் சாவு வரக்கூடும் என்று கணக்குப் போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ப்ரீமியம் சொல்கிறவர்தான் ஆக்சுவரி. முன்பு மரண அட்டவணையை வைத்துப் போட்டார்கள். இப்போது லட்சக்கணக்கான பேரின் வயது, பால், தொழில், பின்கோடு, சிகரெட் பழக்கம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொட்டி 'மாடல்' கட்டுகிறார்கள்.

நான் எம்.ஏ. தமிழ். எனக்கு அங்கே என்ன வேலை? "அக்கா, டேட்டான்னா வானத்துலருந்து விழுதுன்னு பசங்க நெனைக்கிறாங்க. அது எங்கேருந்து வருதுன்னு நீ வந்து சொல்லு" என்றான். வாசலில் வைத்து இன்னொன்றும் சொன்னான். "நாம ஒரே தெருன்னு மட்டும் சொல்ல வேணாம்க்கா." ஏன் என்று நான் கேட்கவில்லை. நமக்குத் தெரியாதா அது?

நன்றாகத்தான் பாடம் நடத்தினான். விவரங்களை இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். ஒரு பங்கை வைத்து மாடலுக்குக் கற்றுத்தர வேண்டும், மறுபங்கை மறைத்து வைத்து அதைச் சோதிக்க வேண்டும். ஒரு மாணவன் சொன்னான்: "சார், இதுல சாதின்னு கட்டமே இல்ல. அதனால மாடலுக்கு சாதி தெரியாது." தம்பி சிரிக்கவில்லை. ஒரு கட்டத்தை எடுத்துவிட்டாலும் மற்ற கட்டங்கள் சேர்ந்து அதன் வேலையைச் செய்யும் என்றான். குடிசைகளை இடித்து, சனங்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் குவித்திருக்கிறார்கள். விலாசமும் தொழிலும் படிப்பும் போதும், மீதியை மாடல் தானே தெரிந்துகொள்ளும்.

பிறகு அமெரிக்கக் கதை சொன்னான். 1881இல் புருடென்ஷியல் கம்பெனி கறுப்பர்களிடம் வெள்ளையரிடம் வாங்கிய அதே ப்ரீமியத்தை வாங்கிக்கொண்டு, செத்தால் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுப்பதென்று முடிவு செய்தது. அந்தக் கம்பெனியின் புள்ளியியலாளர் ஹாஃப்மன் 1896இல் ஒரு புத்தகமே எழுதினார். கறுப்பர்கள் அதிகம் சாவதற்கு அவர்கள் இனத்தின் குணமே காரணம், அந்த இனம் அழிந்துபோகும் என்றார். மறு வருஷமே கெல்லி மில்லர் என்ற கறுப்பினக் கணிதப் பேராசிரியரும் டு போய்ஸும் எண்களைக் கையில் எடுத்தே மறுத்தார்கள். சாவு ரத்தத்தில் இல்லை, வாழவைத்த நிலைமையில் இருக்கிறது என்று காட்டினார்கள்.

அடுத்து என்னைப் பேசச் சொன்னான். நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

அப்பா நகராட்சியில் சாக்கடை அள்ளினார். 2003இல் ஒரு மலக்குழியில் இறங்கினவர் மூச்சில்லாமல் வந்தார். வயசு 44. காகிதத்தில் 'மாரடைப்பு' என்று எழுதினார்கள். தொழில் என்ற இடத்தில் 'நகராட்சி ஊழியர்'. ஆபீஸில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவும் நகராட்சி ஊழியர்தான். உங்க மாடல் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாகத்தான் பார்க்கும். 44 வயசில் நகராட்சி ஊழியருக்கு இதயம் நின்றது என்று படித்துக்கொள்ளும். விஷவாயு எந்தக் கட்டத்திலும் இல்லை.

1993க்குப் பிறகு சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கணும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. எங்கம்மா அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "இதுல மாரடைப்புன்னுதானே இருக்கு?" என்று திருப்பி அனுப்பினார்கள்.

வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு பெண் எழுந்தாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை அவள். "மேடம், உண்மைய எழுதியிருந்தா அந்தத் தொழிலுக்கு ரிஸ்க் அதிகம்னு மாடல் சொல்லும். அப்ப உங்கப்பா மாதிரி ஆளுங்கதானே கூடுதலா ப்ரீமியம் கட்டணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டதில் கணக்குத் தப்பில்லை. பொய் எழுதினால் நம்ம சாவு காணாமல் போகிறது, உண்மை எழுதினால் நம்மிடமே கூலி கேட்கிறார்கள். வாய் வராமல் நின்றேன்.

தம்பிதான் பேசினான். "அந்தக் காலத்துல இங்க இருந்த வெள்ளக்கார இன்சூரன்ஸ் கம்பெனிங்க, இந்தியன் உயிர் மட்டமான உயிர்னு கூடுதல் ப்ரீமியம் வாங்கினாங்க. உங்க பூட்டன்கிட்டயும்தான். 1870ல பம்பாய் மியூச்சுவல் வந்துதான் இந்தியனுக்கும் சாதாரண ரேட்டு போட்டுச்சு. அப்ப அது அநியாயம்னு தெரிஞ்சுது இல்ல? குழியில எறக்கினவனோட ரிஸ்க்க எறங்கினவன் தலையில எழுதுறதும் அதுதான்." கொஞ்சம் நிறுத்தினான். "அக்கா சொன்ன தெருவுலதான் நானும் பொறந்தேன். எங்க சித்தப்பாவும் அப்படித்தான் செத்தாரு."

யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒருத்தன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். நாளைக்கு அந்த வகுப்பு அவனை எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது. வரும்போது அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அம்பேத்கரை எடுத்தேன். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், இன்சூரன்ஸ் அரசுக்கு மட்டுமே உரியதாக இருக்கணும், வயதுவந்த ஒவ்வொருவரும் தங்கள் கூலிக்கு ஏற்றபடி ஆயுள் காப்பீடு எடுப்பதைக் கட்டாயமாக்கணும் என்று கேட்டார். 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. மற்றது நடக்கவேயில்லை. ஆபத்துக்கு ஏற்ற விலை என்று அவர் சொல்லவில்லை, கூலிக்கு ஏற்ற பங்கு என்றார். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் இல்லாத பதில் அதில் இருந்தது. தம்பிக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"அடுத்த வகுப்புல இதையே பாடமா வெக்கிறேன்க்கா" என்றான். "நீயும் வா. இந்த வாட்டி நம்ம தெருன்னே சொல்லு."