மாடிக்கு ஒரு ரவுட்டர்

"ரெண்டாவது ரவுட்டர் வாங்கி வச்சும் நெட் ஆமை மாதிரி ஊருதே, ஏன்?" இந்தக் கேள்வி இப்போ மாட்டுங்கா லேபர் கேம்ப்ல அடிக்கடி காதுல விழுது. 2020 ஊரடங்குல பிள்ளைங்க வகுப்பெல்லாம் வீட்டுக்குள்ள வந்ததுல இருந்து நெட்டும் தண்ணி, கரண்டு மாதிரி ஆயிடுச்சு. எங்க சித்தப்பா வீட்டை வச்சே விளக்கிடறேன்.

கீழ ஒரு ரூம். இரும்பு ஏணி ஏறினா தகரம் போட்ட மாடி. சித்தப்பாவுக்கு நைட் ஷிப்டு, காலையில வந்து கீழதான் படுப்பார். தங்கச்சி சி.ஏ. படிக்கிறா, 7 மணிக்கு ஆன்லைன் வகுப்பு. கீழ உட்கார்ந்தா அவர் தூக்கம் போச்சு, மேல போனா இவ வகுப்பு போச்சு. ராத்திரி பூரா மிஷின் முன்னால நிக்கிற மனுஷனுக்குத் தூக்கம் இல்லேன்னா அது சின்ன விஷயமா?

அதனால மாடிக்குன்னு ஒரு ரவுட்டர் வாங்கினாங்க. கடைக்காரர் வயர் இல்லாம அதை ரிப்பீட்டரா செட் பண்ணிக் கொடுத்தார். போன்ல டவர் ஃபுல். ஆனா அளந்து பார்த்தா கீழ 90 மெகாபிட்ஸ், மேல 11! "அண்ணே, சார் வாய் முதல்ல அசையுது, சத்தம் அப்புறமா வருது"ங்கறா தங்கச்சி.

காரணம் ரொம்ப சிம்பிள். குழாயில இருந்து மாடிக்குத் தண்ணி தூக்க ஒரே ஆள்தான்னு வைங்க. அவர் ஏணி ஏறும்போது குடம் நிரம்பாது, குடம் நிரம்பும்போது ஏணி ஏற முடியாது. ரிப்பீட்டரும் இப்படித்தான். ஒரே ரேடியோவுல வாங்கி, அதே ரேடியோவுல திருப்பி அனுப்பணும். வேகம் அங்கேயே பாதியாயிடும். டவர் ஃபுல்லா தெரியறது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவுல மட்டும்தான். ரிப்பீட்டருக்கும் கீழ இருக்கறதுக்கும் நடுவுல என்ன நிலைமைன்னு அது சொல்லாது.

அடுத்தது அக்கம்பக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான். சுமார் 2 சதுர கிலோமீட்டர் தாராவிக்குள்ள, சுவரோட சுவர் ஒட்டின வீடுகள்ல, எல்லார் வைஃபையும் இந்த மூணு குழாயிலதான் வரிசை கட்டி நிக்குது. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க காத்திருக்கணும். நாம ரவுட்டர் வாங்கினா வரிசையில இன்னொரு குடம் கூடும், தண்ணி கூடாது.

தீர்வு? காத்தை நம்பாதீங்க, வயரை நம்புங்க. ஏணியோரமா 7 மீட்டர் லேன் கேபிள் ஒண்ணு இழுத்தோம். கரண்டு வயரை ஒட்டாம தள்ளி. அப்புறம் செஞ்சது இவ்வளவுதான்:

1. மேல் ரவுட்டர்ல ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தா அதைப் போடுங்க. அது இல்லேன்னா, இணைக்கறதுக்கு முன்னாடியே டிஎச்சிபியை அணைச்சிட்டு ஐபியை மாத்துங்க. கீழ 192.168.1.1னா மேல 192.168.1.2. கேபிளை வான் போர்ட்ல சொருகாம ரெண்டு பக்கமும் லேன் போர்ட்லயே சொருகுங்க.

2. 2.4ல சேனல் அகலம் 20 போதும். கீழ 1, மேல 11னு பிரிச்சு வைங்க.

3. ரெண்டு ரவுட்டர்லயும் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா அதையே பயன்படுத்துங்க. அது சுவர் தாண்ட சிரமப்படும்பாங்க. கேம்ப்ல அதுதான் வசதி. பக்கத்து வீட்டு அலையும் நம்ம வீட்டுக்குள்ள அவ்வளவா நுழையாதே!

இப்போ மேல 85 வருது. சித்தப்பா கீழ குறட்டை விடறார், தங்கச்சி மேல கணக்கு போடறா. கேபிள் செலவு ரவுட்டர் விலையில ஒரு துளிதான்.

துபாய், சிங்கப்பூர்னு தூரத்துல இருந்துக்கிட்டு ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்குப் போன்லயே ரிப்பேர் சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. முதல்ல "வேற ரவுட்டர் வாங்குங்க"ன்னு சொல்லாதீங்க. மெயின் ரவுட்டர்ல வயர் போட்டு வேகத்தை அளக்கச் சொல்லுங்க. அங்கேயே கம்மின்னா கனெக்ஷன் கொடுத்தவரைக் கேட்கணும். அங்க சரியா இருந்து ரெண்டாவதுல மட்டும் விழுந்தா, நடுவுல வயர் இருக்கான்னு கேளுங்க.

பி.கு: உங்க நெட் பிளான் 100 மெகாபிட்ஸுக்கு மேலயா? கேபிளுக்குள்ள 8 கம்பியும் சரியா சேர்ந்திருக்கான்னு பாருங்க. 4 மட்டும் சேர்ந்தா 100ஐத் தாண்டாது.